எல்லையின்றி விரிந்த தாய்மை

(வைகுண்ட ஏகாதசியன்று மாதர் சங்கமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆத்ம ஞானத்தை நாடுகிறவனுக்குக் குறுக்கே நிற்பவை இரண்டு என்று நம் ஆசாரியர்கள் கூறியிருக்கிறார்கள். 'நான்' என்னும் அகங்காரம் ஒன்று. 'என்னுடையது' என்னும் மமகாரம் மற்றொன்று. வீட்டையும் சுற்றத்தையும் துறந்து காஷாயம் தரித்துப் புறப்பட்டவர்கள் இவ்விரண்டையும் வைராக்கியத்தால் வேரோடு அறுக்க முயலுகிறார்கள். ஆனால், பச்சைக் குழந்தையை மடியில் கிடத்தியிருக்கும் தாயிடம் போய், 'என் குழந்தை என்ற எண்ணத்தை விட்டுவிடு' என்று உபதேசித்தால் அது அவள் செவியில் ஏறுமா? ஏறாது, ஏறவும் வேண்டியதில்லை. அவளுக்கென்று வேறொரு மார்க்கம் இருக்கிறது. அந்த எண்ணத்தை அறுக்காமல், அதை அகலச் செய்வதே அந்த மார்க்கம். அடுத்த வீட்டுக் குழந்தையும், தெருக்கோடியில் அழும் குழந்தையும், பெயரறியாத ஊரில் பிறந்த குழந்தையும் 'என் குழந்தை' என்ற எண்ணத்துக்குள் வந்து சேர்ந்துவிடுமானால், அப்போது அந்த மமகாரத்துக்கு எல்லையும் இல்லை. எல்லையில்லாததற்குப் பந்தம் என்ற பெயரும் இல்லை.

தாய்மை பெற்ற பிள்ளையோடு நின்றுவிடுவதில்லை. கண்ணனைப் பெற்றவள் தேவகி; வளர்த்தவள் யசோதை. ஆனால் பிள்ளைத் தமிழாக உருகிப் பாடப் புகுந்த பெரியாழ்வார், யசோதையின் உள்ளத்தைத்தான் தம் உள்ளமாக ஏற்றார். ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்ஸரின் துணைவியாரான ஸ்ரீ சாரதா தேவியார் தம் வயிற்றில் ஒரு குழந்தையையும் சுமந்தவர் அல்லர்; அவரைப் பெற்ற தாயார் அது குறித்து வருந்தியபோது, பின்னாளில் இவளை அம்மா என்று அழைக்கும் குரல்கள் ஓயவே மாட்டா என்று பரமஹம்ஸர் தேறுதல் சொன்னதாக அவருடைய சரிதம் கூறுகிறது. அந்த அன்னையார் 1911-ஆம் ஆண்டு தென்னாட்டு யாத்திரையாகப் புறப்பட்டு, சென்னையில் தங்கி, மதுரையையும் இராமேசுவரத்தையும் தரிசித்துச் சென்றார். நம்முடைய பாஷை அவருக்குத் தெரியாது. அவருடைய பாஷை நம்மவர்க்குத் தெரியாது. ஆயினும் நாடி வந்தவர்கள் அன்னையைக் கண்டோம் என்ற நிறைவோடு திரும்பினார்கள். அதே 1911-ஆம் ஆண்டில், அதே சென்னையில், இருபத்தைந்து வயது நிரம்பாத ஒரு பெண்மணி பிரெசிடென்ஸி கல்லூரியில் முதல் வகுப்பில் தேறி, சென்னை மாகாணத்தில் பி.ஏ. பட்டம் பெற்ற முதல் ஹிந்துப் பெண் என்ற பெயரைப் பெற்றார். பால்ய விதவையாகிய அந்தப் பெண்மணியைத்தான் ஊரார் பின்னாளில் சிஸ்டர் என்று அன்போடு அழைத்தார்கள். சகோதரி சுப்பலக்ஷ்மி அம்மையாரின் ஜீவிதத்தையே இன்று நாம் சிந்தனைக்கு எடுத்துக்கொள்கிறோம்.

1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் மயிலாப்பூரில் அவர் பிறந்தார். தஞ்சை ஜில்லாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம்; தகப்பனார் சுப்பிரமணிய ஐயர், தாயார் விசாலாக்ஷி அம்மாள். அக்காலத்து வழக்கப்படி சிறு பிராயத்திலேயே அவருக்கு விவாகம் நடந்தது. சில காலத்திற்குள்ளேயே கணவர் மறைந்தார். விவாகம் இன்னதென்று அறியாத வயதில் வைதவ்யம் வந்து சேர்ந்தது.

அந்நாளில் இந்த வைதவ்யத்தின் பொருள் இன்னது என்பதை இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. நேற்று வரை பாவாடை கட்டிக்கொண்டு, பின்னலில் தாழம்பூ வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் துள்ளித் திரிந்த பெண், இன்று முதல் பூவைத் தொடலாகாது, குங்குமத்தைத் தொடலாகாது, கண்ணாடி பார்க்கலாகாது. பருவம் வந்ததும் தலை மழிக்கப்படும். நார்மடி ஒன்றே உடை. ஒரு வேளையே உணவு. ஏகாதசி வந்தால் அதுவும் இல்லை. வீட்டில் சுபகாரியம் என்றால் அவள் கூடத்துக்கு வரலாகாது. யாரேனும் வெளியே புறப்பட்டால் எதிரே நிற்கலாகாது. ஆனால் விடியுமுன் எழுந்து தண்ணீர் சுமப்பதும், பத்துப் பாத்திரம் தேய்ப்பதும், பிரசவித்தவளுக்குப் பத்தியம் வடிப்பதும், பிறர் குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிவதும் அவளுக்கே உரியவை. இத்தனையையும் தவம் என்று நம்மவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அன்பர்களே, தவம் என்பது தானே விரும்பி ஏற்பது. பசி இன்னதென்று அறிந்தவன் பசியை வெல்லச் சங்கல்பம் செய்துகொள்ளும்போது அது விரதமாகிறது. சோற்றுக்கு அழும் சிறுமியின் கையிலிருந்து கலத்தைப் பிடுங்கிக்கொண்டு அதற்கு விரதம் என்று பெயரிட்டால், அந்தப் பெயரைக் கேட்டுப் பகவான் திருவுள்ளம் மகிழ்வான் என்று நான் நம்பவில்லை.

சுப்பலக்ஷ்மியின் பெற்றோருக்கு அந்தப் பாதகத்தைச் செய்ய மனம் ஒப்பவில்லை. வந்த துக்கத்தைத் திருப்பி அனுப்ப அவர்களால் இயலாது. ஆனால் துக்கத்தின் மேல் துக்கத்தை அடுக்காதிருக்க இயலும் அல்லவா? தகப்பனார் மகளைக் கல்வியில் இருத்தினார். வீட்டிலும், பின்னர் கன்னிமாடத்துப் பள்ளியிலும், அதன்பின் கல்லூரியிலும் அந்தப் பெண் படித்தாள். 'விதவைக்குப் படிப்பு எதற்கு, அதிலும் ஆண் பிள்ளைகள் படிக்கும் கல்லூரியில் இவளுக்கென்ன வேலை' என்று சுற்றமும் அக்கம்பக்கமும் பேசாமல் இருந்திருக்குமா? அந்தப் பேச்சையெல்லாம் ஒரு தகப்பனும் தாயும் தங்கள் மேல் வாங்கிக்கொண்டு, மகளின் காதில் விழாமல் காத்தார்களே, அந்தக் கைங்கர்யத்தையும் நாம் இன்று நமஸ்கரிக்க வேண்டும். அதே வீட்டில் இன்னொரு ஜீவனும் இருந்தது. விசாலாக்ஷி அம்மாளின் சகோதரியான வாலாம்பாள், அவரும் இளம் பிராயத்திலேயே கணவரை இழந்தவர். சுப்பலக்ஷ்மிக்குச் சித்தி, பின்னாளில் அவருடைய இல்லத்தில் வந்து சேர்ந்த எல்லாப் பெண்களுக்கும் சித்தி. ஒருத்தி எழுத்தைக் கொடுத்தாள். ஒருத்தி சோற்றைக் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து நூற்றுக்கணக்கான அநாதைப் பெண்களுக்கு ஒரு பிறந்தகத்தைக் கொடுத்தார்கள்.

பட்டம் பெற்ற பெண்ணுக்கு முன்னால் அன்று பல பாதைகள் திறந்திருந்தன. மாகாணத்தில் வேறெந்த ஹிந்துப் பெண்ணுக்கும் இல்லாத படிப்பு. சர்க்கார் உத்தியோகம் வாசலில் வந்து அழைக்கிறது. நான் கரையேறிவிட்டேன் என்று அவர் அமர்ந்திருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் தாம் தப்பி வந்த நெருப்பில் இன்னும் எத்தனை சிறுமிகள் நிற்கிறார்கள் என்ற நினைவு அவரை உட்கார விடவில்லை. 1912-ஆம் ஆண்டில், எழும்பூரில் தம் குடும்பம் வசித்த வீட்டிலேயே, ஒரு சில பால்ய விதவைகளைச் சேர்த்துக்கொண்டு அவர் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் சாரதா மாதர் சங்கமும் தோன்றிற்று. பெண் கல்விப் பரிசோதகராயிருந்த மிஸ் லிஞ்ச் என்ற மாது இம்முயற்சிக்குத் துணை நின்றார்.

இதில் ஒரு நுட்பமான காரியம் அடங்கியிருக்கிறது. அக்காலத்தில் பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோர், ஆண் உபாத்தியாயரிடம் அனுப்பவோ அதைவிடத் தயங்கினார்கள். பெண் ஆசிரியைகள் இருந்தால் அனுப்பலாம், ஆசிரியைகளோ கிடைக்கவில்லை, ஏனெனில் பெண்கள் படிக்கவே இல்லை. இந்தச் சக்கரத்தை எங்கேயாவது ஓரிடத்தில் உடைக்க வேண்டும். எந்தப் பெண்ணை ஊர் அமங்கலி என்று மூலையில் தள்ளியதோ, அவளையே படிக்க வைத்து, அவளையே ஆசிரியை ஆக்கி, ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் அரிச்சுவடி தொடங்கிவைக்கும் மங்கல ஸ்தானத்தில் அமர்த்தினால், அவளுடைய துயரும் தீரும். மற்றக் குழந்தைகளின் அறியாமையும் தீரும். இதைக் கண்டு, அதற்காக உழைத்து, கண் முன்னால் நிறைவேற்றிக் காட்டியவர் சகோதரி சுப்பலக்ஷ்மி. எதிரே வந்தால் அபசகுனம் என்று ஒதுக்கப்பட்டவளின் எதிரே, விஜயதசமியன்று குழந்தைகள் கைகட்டி உட்கார்ந்து முதல் எழுத்தைக் கற்கும்படி ஆயிற்று என்றால், ஆயிரம் வாதங்களால் சாதிக்க முடியாத ஒரு சாஸ்திர விசாரம் அங்கே முடிந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

இல்லம் வளர்ந்தது, இடம் போதவில்லை. 1917-ஆம் ஆண்டளவில் அது கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று வழங்கிய கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கட்டடத்தின் சரித்திரத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அமெரிக்கா தேசத்திலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காகச் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் கட்டியது அது. உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யும் யந்திரங்கள் வந்தபின் அந்த வியாபாரம் ஓய்ந்தது; வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி வசிக்கும் மாளிகையாக மாற்றினார். மேல்நாட்டில் நம் தர்மத்தை முழங்கிவிட்டு 1897-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை திரும்பிய சுவாமி விவேகானந்தர் தங்கியது அந்த மாளிகையில்தான். அதன்பின் அவருடைய சகோதரத் துறவியான சுவாமி இராமகிருஷ்ணானந்தர் சென்னை மடத்தைத் தொடங்கிச் சில ஆண்டுகள் நடத்தியதும் அங்கேதான். பெண்களின் துயரை ஆண்கள் தீர்த்துவைக்க வரவேண்டாம், பெண்களுக்குக் கல்வியைக் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள், தங்கள் துயரைத் தாங்களே தீர்த்துக்கொள்வார்கள் என்பது விவேகானந்த சுவாமிகளின் திடமான கருத்து. அவர் நின்ற கூடத்தில், இருபது ஆண்டுகள் கழிந்து, மழித்த தலையில் மறுபடி முடி அரும்பத் தொடங்கிய சிறுமிகள் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். இதை யாரும் முன்கூட்டி ஏற்பாடு செய்யவில்லை. மகான்களின் சங்கல்பம் தனக்குரிய கரங்களைத் தானே தேடிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று நமக்கு வேண்டுமா?

அங்கே புதிதாக வந்து சேரும் ஒரு பெண்ணை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். பதின்மூன்று வயது இருக்கும். யார் வந்தாலும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிப் பழகியவள். நிமிர்ந்து பார்க்கத் தெரியாது. பெயரைக் கேட்டால் பதில் வராது. பலப்பத்தைப் பிடிக்க விரல் வளையவில்லை. ஏழு வயதுக் குழந்தைகள் படிக்கும் பாடத்தைப் பதின்மூன்றாவது வயதில் படிக்க வெட்கம். இவளிடம் ஆசிரியை எங்கிருந்து தொடங்குவது? அகரத்திலிருந்தா? இல்லை. நீ வந்தது எனக்குச் சந்தோஷம் என்று அவளுக்குத் தெரியப்படுத்துவதிலிருந்து தொடங்க வேண்டும். பிறந்தகத்திலும் புக்ககத்திலும் தன் வருகையால் ஒரு முகமாவது மலர்ந்ததை நெடுநாளாகக் காணாத பெண் அவள். வயிறாரச் சோறும், தலைக்கு எண்ணெயும், பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குரலும் கிடைத்தபிறகுதான் எழுத்து அவள் மனத்தில் இறங்கும். ஆகையால்தான் அங்கே பள்ளியும் வீடும் வேறு வேறாக இருக்க முடியவில்லை. ஆசிரியையும் தாயும் வேறு வேறாக இருக்க முடியவில்லை.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். சாத்திர சம்பிரதாயங்களை அடியோடு தூக்கி எறிந்துவிட்டுச் சீர்திருத்த முழக்கம் செய்வது அவருக்குக் கடினமன்று. ஆனால் அப்படிச் செய்தால், நடுங்கிக்கொண்டே தம் மகளைக் கொண்டுவந்து விடும் தகப்பன் வாசலோடு திரும்பிப் போய்விடுவான். ஆதலால் மடி, ஆசாரம், பண்டிகை, பூஜை யாவும் அந்த இல்லத்தில் பெற்றோர் மனம் கோணாதபடி நடந்தன. தம் கொள்கை ஜெயித்ததா என்பதைக் காட்டிலும், அந்தப் பெண் உள்ளே வந்து சேர்ந்தாளா என்பதே அவருக்கு முக்கியம். இது கோழைத்தனம் அன்று; காருண்யத்தின் விவேகம். அந்த விவேகம் ஓரிடத்திலேயே தேங்கி நின்றுவிடவும் இல்லை. பிராமண விதவைகளுக்கென்று தொடங்கிய பணி, நாளடைவில் எல்லா வகுப்புப் பெண்களுக்கும் விரிந்தது. கடற்கரைக் குப்பத்துச் செம்படவக் குழந்தைகளுக்கும் அவருடைய பள்ளி எழுத்தறிவித்தது. நாம் முதலில் பேசினோமே, 'என் குழந்தை' என்ற எண்ணம் அகலுவதைப் பற்றி, அது ஒரே நாளில் நிகழ்வது அன்று. தன்னைப் போன்ற ஒருத்தியிடம் தொடங்கி, தன் குலத்தாரிடம் பரவி, பின் குலம் என்ற வரம்பையும் கடந்து செல்கிறது. அப்படிப் படிப்படியாக அகன்ற ஓர் உள்ளத்தின் சரித்திரமே அவர் ஜீவிதம்.

1922-ஆம் ஆண்டு லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி சென்னையில் தோன்றியபோது அதன் தலைமைப் பொறுப்பு அவருக்கு வந்தது. ஆசிரியைகளை உண்டாக்கும் ஆசிரியை ஆனார். சர்க்கார் ஊழியத்தில் இருந்தவர் மாதர் இயக்கங்களில் அங்கத்தினராகச் சேரத் தடை இருந்தது. ஆயினும் பால்ய விவாகத் தடைச் சட்டத்துக்கு ஆதரவாகப் பேச அவர் தயங்கவில்லை. 1929-ஆம் ஆண்டு நிறைவேறி 1930 ஏப்ரலில் அமுலுக்கு வந்த அந்தச் சட்டம், பெண்ணின் விவாக வயதைப் பதினான்கு என்றும் பிள்ளையின் வயதைப் பதினெட்டு என்றும் வரையறுத்தது. நெருப்பில் விழுந்த குழந்தையைத் தூக்குவது கருணை. நெருப்பையே அணைக்கப் புறப்படுவது ஞானத்தோடு கூடிய கருணை. ஓய்வு பெற்ற பின்னரும் அவர் ஓயவில்லை. படிப்பைப் பாதியில் விட்ட வயது வந்த மாதர்களுக்காக 1942-ஆம் ஆண்டில் ஸ்ரீ வித்யா கலாநிலயம் என்ற பள்ளி பிறந்தது; மடம்பாக்கத்தில் 1954-ஆம் ஆண்டு கிராம மாதர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சேவா நிலையம் பிறந்தது; மயிலாப்பூர் மாதர் சங்கத்தின் முயற்சியாக 1956-ஆம் ஆண்டு வித்யா மந்திர் பள்ளி பிறந்தது. 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் நியமன அங்கத்தினராக இருந்தார். 1958-ஆம் ஆண்டு பாரத சர்க்கார் பத்மஸ்ரீ விருது அளித்தது. விருதுகளைப் பற்றி இவ்வளவு போதும். அவரே அவற்றை அதிகம் பொருட்படுத்தியவர் அல்லர்.

இனி, இந்த ஜீவிதத்தின் மறைபொருளாக நான் உணர்வதைச் சொல்லுகிறேன். தாயின் அன்புக்கு ஒரு பலவீனம் உண்டு. தான் வளர்த்த பிள்ளை தன்னருகிலேயே இருக்க வேண்டும், தன்னை நினைக்க வேண்டும், தள்ளாத வயதில் தாங்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கும். இயற்கைதான், குற்றம் இல்லை. ஆசிரியரின் தொழிலுக்கோ அந்த எதிர்பார்ப்பே இல்லை. தஞ்சை ஜில்லாவில் நாற்றங்காலைப் பார்த்திருப்பீர்கள். நீரும் எருவும் இட்டுக் கண்ணும் கருத்துமாக வளர்த்த நாற்றை, உரிய நாளில் உழவன் வேரோடு பறித்து வேறு வயலில் நட்டுவிடுகிறான். கதிர் முற்றுவது அங்கே. நாற்றங்காலில் எஞ்சுவது சேறுதான். ஆண்டுதோறும் ஒரு வகுப்பை வளர்த்து, ஆண்டுதோறும் அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டு மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்கும் ஆசிரியரை விட நிஷ்காம்ய கர்மத்துக்கு நெருங்கியவர் வேறு யார்? கீதாசாரியன் பலனில் பற்று வைக்காதே என்று சொன்னதை மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆசிரியர்கள் தங்கள் தொழிலிலேயே நாள்தோறும் அப்பியசிக்கிறார்கள்.

தாயின் அன்பு மட்டும் இருந்து இந்த விடுதலை இல்லாவிட்டால் அது பந்தமாகிவிடும். விடுதலை மட்டும் இருந்து தாயின் அன்பு இல்லாவிட்டால் அது வறட்டு உத்தியோகமாகிவிடும். இரண்டும் ஓர் உள்ளத்தில் சேர்ந்தால் அதுவே யோகம். சகோதரி சுப்பலக்ஷ்மி தாம் தோற்றுவித்த ஸ்தாபனங்களையும் அப்படித்தான் நடத்தினார். சாரதா மாதர் சங்கம் நடத்திய சாரதா வித்யாலயம் என்ற பள்ளி அவர் கண்ணிலும் கருத்திலும் வளர்ந்த குழந்தை. அதை இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைத்தார். பெற்ற பிள்ளையைக் கொடுப்பதைக் காட்டிலும் தாம் கட்டிய ஸ்தாபனத்தைக் கொடுப்பது மனிதர்களுக்குக் கடினம் என்பதை, பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள் நன்றாக அறிவார்கள். என்னுடையது என்று சொல்லத் தக்க தகுதி முழுவதும் இருந்தும், அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டவர் அவர்.

1969-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, அவர் பரமபதம் எய்தினார். பெருமாள் கோயில்களில் சொர்க்க வாசல் திறக்கும் அந்தத் திருநாளில் உயிர் நீங்குவது பெரும்பேறு என்று நம்புகிறவர்கள் நாம். எனக்கோ அதற்கு மேலும் ஒரு பொருள் தோன்றுகிறது. எந்த ஏகாதசியின் பெயரைச் சொல்லிப் பச்சிளம் பெண்களைப் பட்டினி போட்டார்களோ, அந்த ஏகாதசிகளிலேயே தலைமையான ஏகாதசியன்று, அப்பெண்களின் பசி தீர்த்த தாயைப் பகவான் தன்னிடம் அழைத்துக்கொண்டான். எது எனக்கு உகந்த விரதம் என்று அவன் நமக்குச் சொல்லாமல் சொன்னதாகவே நான் அதைக் கொள்கிறேன்.

இங்கே கூடியிருக்கும் ஆசிரியைகளே, உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு குழந்தை இருக்கும். வீட்டில் காலையில் சாப்பிட்டதா என்று யாரும் கேட்டிராத குழந்தை. கேள்வி கேட்டால் தலை குனியும் குழந்தை. அதன் பெயரைச் சொல்லி அழையுங்கள். பாடத்தை அதனிடமிருந்து தொடங்குங்கள். கெட்டிக்காரக் குழந்தைக்கு நீங்கள் சொல்லிக்கொடுப்பது தொழில்; அந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது உபாசனை. தாய்மார்களே, உங்கள் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கும்போது, வாங்க இயலாத ஒரு வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து வாங்குங்கள். உங்கள் பிள்ளை படிக்க உட்காரும் விளக்கடியில் வேலைக்கு வரும் பெண்ணின் மகளையும் உட்கார வையுங்கள். இன்று உபவாசம் இருக்கிறோம். இராத்திரி கண் விழிக்கிறோம். நாளைத் துவாதசிப் பாரணைக்கு முன்னால் இப்படி ஒரு சங்கல்பத்தையும் செய்துகொண்டால் நம் விரதம் பூர்த்தியாகும். தன் துக்கத்தைத் தன்னோடு நிறுத்தி, பிறர் துக்கத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்ட அந்த அன்னையின் சிரத்தையில் ஒரு பங்கு நமக்கும் வாய்க்க வேண்டும்; நம் கை பட்ட ஒவ்வொரு குழந்தையும் நம்மைக் காட்டிலும் உயர்ந்து நிற்கக் காணும் பாக்கியத்தை ஸ்ரீமந் நாராயணன் நமக்கு அருள வேண்டும் என்று உங்கள் அனைவரோடும் சேர்ந்து பிரார்த்திக்கிறேன்.